எங்கே அடிபட்டது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

நீலகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு, மலையின் அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் இப்பகுதியில் பதிலளித்து வருகிறார். வன்முறைத் தடுப்புக்காகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வு மையங்களைப் பற்றி அவர் சென்ற இதழில் ஓரிரு வரிகள் எழுதியிருந்தார். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்தும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் ஊரில் அடிதடிக் காயங்களைக் குறைத்துக் காட்டியது என்று எழுதியிருந்தீர்கள். குற்றத்தைத் தடுப்பது காவல் துறையின் வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த மையத்தில் இருப்பவர்கள் யார், அவர்கள் செய்தது என்ன என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்வீர்களா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், கோத்தகிரி

பதில்: நான் குறிப்பிட்டது வேல்ஸ் நாட்டின் தலைநகரிலுள்ள கார்டிஃப் பல்கலைக்கழகத்தை. அங்கே வன்முறை ஆய்வுக் குழுவைத் தொடங்கி வளர்த்தவர் ஜோனதன் ஷெப்பர்ட் என்னும் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். முகத்திலும் தாடையிலும் ஏற்படும் எலும்பு முறிவுகளையும் கிழிசல்களையும் சரிசெய்வது அவருடைய தொழில். வார இறுதி இரவுகளில் மதுக்கூடங்களிலிருந்தும் அவற்றை ஒட்டிய தெருக்களிலிருந்தும் உடைந்த தாடையோடும் கண்ணாடி கிழித்த கன்னத்தோடும் வந்துகொண்டே இருந்த இளைஞர்களைத் தைத்துத் தைத்து அனுப்பியவர் அவர். 1980களில் அவர் ஒரு காரியம் செய்தார். மருத்துவமனைக்கு அடிபட்டு வந்தவர்களின் கணக்கையும் காவல் துறையின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தையல் போட்டு அனுப்பிய காயங்களில் பெரும்பங்கு காவல் நிலையத்துக்குத் தெரியாமலேயே போயிருந்தது. அடித்தவனுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். அடித்தவன் யாரென்றே தெரியாதவர்கள் இருந்தார்கள். தாமும் கை நீட்டியதால் வாய் திறக்காதவர்களும், புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டவர்களும் இருந்தார்கள்.

நம் மொழியில் ‘எங்கே அடிபட்டது?’ என்று மருத்துவர் கேட்டால், நோயாளி கையையோ தலையையோ காட்டுவார். அதே கேள்வியை ஊர்க்காரர் கேட்டால், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என்றோ சந்தைத் திடலில் என்றோ பதில் வரும். மருத்துவர்களாகிய நாங்கள் முதல் பொருளில் மட்டும் கேட்டுப் பழகியவர்கள். ஷெப்பர்ட் அதை இரண்டாவது பொருளிலும் கேட்கச் செய்தார் என்பதுதான் அவருடைய பணியின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

1990களின் பிற்பகுதியில் கார்டிஃபில் மருத்துவமனையும் காவல் துறையும் நகராட்சியும் ஒரே மேசையில் அமரும் ஏற்பாடு உருவானது. தாக்கப்பட்டு வந்தவரிடம், எந்த இடத்தில் நடந்தது, எப்போது நடந்தது, எதனால் தாக்கினார்கள், எத்தனை பேர் என்ற சில கேள்விகள் மட்டும் கேட்கப்பட்டன. அவற்றைக் கேட்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரப் பிரிவின் முகப்பில் உட்கார்ந்து பெயர் பதியும் ஊழியர்களே அவற்றைக் கேட்டுக் கணினியில் ஏற்றினார்கள். நோயாளி யார் என்று காட்டும் விவரங்கள் நீக்கப்பட்ட பிறகு அந்தப் பட்டியல் காவல் துறையின் தகவல் ஆய்வாளருக்குச் சென்றது. அவர் அதைத் தம்மிடமிருந்த பதிவுகளோடு சேர்த்து, எந்தத் தெருவில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் காயங்கள் குவிகின்றன என்று வரைபடமாக்கினார். அதைப் பார்த்துத்தான் ரோந்தும் கண்காணிப்புக் கேமராக்களும் இடம் மாற்றப்பட்டன. கேளிக்கைத் தெரு ஒன்று வாகனங்களை நிறுத்தி நடப்பவர்களுக்கென விடப்பட்டது. தகராறு மிகுந்த மதுக்கூடங்களின் உரிமத்தைப் பற்றி நகராட்சி கேள்வி எழுப்பியது.

இதனால் பலன் கிடைத்ததா என்பதைக் கண்டறிந்த ஆய்வு 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் கர்டிஸ் புளோரன்ஸ், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர். கார்டிஃபை அதே வகையைச் சேர்ந்த 14 நகரங்களோடு ஒப்பிட்டார்கள். வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் கார்டிஃபில் ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். மற்ற நகரங்களில் 5 என்பது 8 ஆக உயர்ந்தது. இரண்டு பேர்தானே என்று தோன்றலாம். நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7,35,394. அதே விகிதத்தில் இங்கே குறைந்தால் மாதத்துக்குப் பதினைந்து பேர் உள்நோயாளிப் பிரிவுக்குப் போகாமல் தம் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பார்கள். காவல் பதிவேட்டிலிருந்த சிறு தாக்குதல்கள் கார்டிஃபில் சற்றுக் கூடின என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. சண்டை முற்றுவதற்கு முன்பே காவலர்கள் தலையிட்டதால் அவை பதிவுக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தமக்குச் சாதகமில்லாத எண்ணையும் சேர்த்தே அச்சிட்டதால் எனக்கு அவர்கள் மீது நம்பிக்கை கூடியது.

2008-ஆம் ஆண்டுக்கான ஸ்டாக்ஹோம் குற்றவியல் பரிசு ஷெப்பர்டுக்கும், தாய்மார்களின் வீட்டுக்கே செவிலியர்களை அனுப்பும் திட்டத்தை உருவாக்கிய அமெரிக்கர் டேவிட் ஓல்ட்ஸுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. குற்றவியலின் மிகப் பெரிய பரிசுகளுள் ஒன்று தாடை தைப்பவருக்கும் தாய்–சேய் நலனில் உழைத்தவருக்கும் போனது என்பதே, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு நான் தரக்கூடிய நேரான பதில்.

கேள்வி: எங்கள் விடுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் சிலர் குடித்துவிட்டுக் கண்ணாடிப் புட்டிகளை உடைக்கிறார்கள். சண்டையில் கண்ணாடியால் ஏற்படும் காயத்தைக் குறைக்க வழியுண்டா?
– தங்கும் விடுதி நடத்துபவர், உதகை

பதில்: கார்டிஃப் குழுவினர் இதில் கற்ற பாடம் பயனுள்ளது. சாதாரணக் கண்ணாடிக் குவளை உடைந்தால் கத்தி போன்ற விளிம்பு கிடைக்கும். கெட்டிப்படுத்திய கண்ணாடி சிறு துகள்களாக நொறுங்கும் என்பதால் அதைப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். பிறகு அதைச் சோதிக்க, ஐம்பதுக்கும் மேற்பட்ட மதுக்கூடங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய குவளையும் மறு பாதிக்குப் புதிய குவளையும் கொடுத்தார்கள். 2000-இல் வெளியான முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. புதிய குவளை இருந்த இடங்களிலேயே பணியாளர்களுக்கு அதிகக் காயம் ஏற்பட்டிருந்தது. அந்தக் குவளைகளின் தாங்குதிறன் குறைவாக இருந்ததுதான் காரணம். ஆகவே கெட்டிக் கண்ணாடி என்ற பெயர் போதாது, தாங்குதிறனுக்கும் தர அளவு வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். உங்கள் விடுதியில் எஃகு அல்லது நல்ல பிளாஸ்டிக் குவளைகளைத் தருவதே எளிது.

புட்டியைப் பொறுத்தவரை நம் மாவட்டம் ஏற்கெனவே ஒரு வழியைக் கண்டிருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2022-இல் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. காட்டு விலங்குகளின் கால்களைக் காக்க வந்த ஏற்பாடு அது. சாலையோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் காலிப் புட்டி கிடக்காமல் இருப்பது மனிதர்களின் முகத்துக்கும் நல்லது என்பதை அவசரப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: அம்மா, இருபது வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். அடிபட்டு வரும் பெண்களில் பலர் ‘வழுக்கி விழுந்தேன்’ என்றுதான் சொல்கிறார்கள். கேட்டு எழுதுவதால் என்ன பயன்? எழுதியது வெளியே போனால் அந்தப் பெண்ணின் கதி என்ன?
– செவிலியர், குன்னூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்கும் இப்படி ஓர் இரவு உண்டு. தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பளிச் சால்வையை இடது கையின் மேல் போர்த்தியபடி ஒரு பெண் வந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். எக்ஸ்ரே எடுத்தோம். வழுக்கி விழுபவர் உள்ளங்கையை ஊன்றுவார். அதனால் மணிக்கட்டை ஒட்டித்தான் பெரும்பாலும் எலும்பு முறியும். அந்தப் பெண்ணுக்கு முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முறிந்திருந்தது. தலையை நோக்கி இறங்கும் கட்டையைத் தடுக்க ஒருவர் கையை உயர்த்தும்போது முறியும் இடம் அது. சால்வையை விலக்கிய செவிலியர் மேல்கையில் நான்கு விரல் தடங்களைக் கண்டார். அன்று ஞாயிறு, கொழுந்து எடுக்கும் நாளே இல்லை. இவ்வளவும் எங்கள் கண்முன்னே இருந்தும், ‘வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினோம். கணவரை மருந்து வாங்க வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசியிருக்க வேண்டும். நான் பேசவில்லை. இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

ஆகவே கேட்பதால் வரும் முதல் பயன் அந்தப் பெண்ணுக்குத்தான். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ மாவுக்கட்டுக்கோ நம்மிடம் வருகிறார்கள். அவர்களுடைய வாழ்வில் வெளியாள் ஒருவர் கதவை மூடிக்கொண்டு பேசக்கூடிய ஒரே இடம் மருத்துவமனையாக இருக்கக்கூடும். உடன் வந்தவரை விலக்கி, ‘உங்களை யாராவது அடித்தார்களா?’ என்று தாழ்ந்த குரலில் நேராகக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் பற்றி வாயால் சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அது வீட்டில் கண்ணில் படலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் என்றால் விருப்பம் கேட்கும் நிலையே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது கார்டிஃப் போன்ற நகரத்துக்குப் பொருந்தும். ஐம்பது வீடுகள் உள்ள ஹட்டி என்னும் படகர் ஊரிலோ, பாடி என்னும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீடுகளிலோ அது பொருந்தாது. ‘சனி இரவு, இன்ன பாடி, முப்பது வயதுப் பெண், கை முறிவு’ என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊரே அடையாளம் கண்டுவிடும். அதனால் நம் மலையில் இப்படி ஒரு கணக்கு எடுப்பதானால், வீட்டுக்குள் நடந்தவை வரைபடத்தில் இடம்பெறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைவீதி, மதுக்கடை வாசல், பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களை மட்டும் புள்ளியாகக் குறிக்கலாம். வீட்டு வன்முறையை வட்ட அளவில், பல மாதங்களைச் சேர்த்து, வெறும் எண்ணிக்கையாக மட்டும் சொல்லலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. அது தில்லிக்கு மட்டும் உரிய தீர்ப்பு இல்லை, நம் புறநோயாளிச் சீட்டுக்கும் உரியது.

கேள்வி: கார்டிஃபில் இருப்பது பெருநகர இரவுக் கேளிக்கை. இங்கே தோட்டத் தொழிலாளர், ஹட்டி, பழங்குடிக் குடியிருப்பு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் என்று வேறு உலகம். அந்த ஊர் மருந்து இந்த ஊருக்குப் பிடிக்குமா? எல்லா மையங்களும் அதைத்தான் செய்கின்றனவா?
– தேயிலைத் தோட்டக் கண்காணிப்பாளர், கூடலூர்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லா மையங்களும் ஒரே வழியில் போகவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வன்முறை ஆய்வு மையத்தை நடத்திவந்த மானுவல் ஐஸ்னர் வரலாற்றுப் பக்கம் சென்றவர். 14-ஆம் நூற்றாண்டு லண்டனின் மரண விசாரணைச் சுருள்களிலிருந்து 142 கொலைகளை எடுத்து, இடமும் நேரமும் குறித்து வரைபடமாக்கினார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கொலையுண்டவர்களையும் அதே ‘எங்கே, எப்போது, எதனால்’ என்ற கேள்விகளோடு அணுகியிருப்பது என்னை நெகிழச் செய்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1992-இல் வன்முறை ஆய்வு மற்றும் தடுப்பு மையத்தை நிறுவிய டெல்பர்ட் எலியட் சமூகவியலாளர். 1976-இல் தொடங்கி 1,725 இளம்பருவத்தினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். பள்ளிகளுக்கு விற்கப்படும் தடுப்புத் திட்டங்களில் எது உண்மையில் பலன் தருகிறது என்று சலித்தெடுக்கும் வேலையை அவர் மையம் மேற்கொண்டது. சிகாகோவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கேரி ஸ்லட்கின் தொற்றுநோய் மருத்துவர். காசநோயையும் காலராவையும் பார்த்த கண்ணால் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்தார். ஒரு கொலை அடுத்த கொலையைப் பெறுகிறது என்பதால், பழிவாங்கக் கிளம்புபவனை வழியிலேயே நிறுத்திப் பேச, அதே தெருவில் வளர்ந்த, அவன் மதிக்கும் ஆட்களைப் பணியமர்த்தினார். நம் ஊர்களில் பெரியவர்கள் நடுவில் நின்று கையைப் பிடித்து இழுத்துச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

இனி நம் மலை. கூடலூரில் நீங்கள் பார்க்கும் வாழ்க்கை கார்டிஃபின் வாழ்க்கை அன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கே இல்லாத ஒன்றை அங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் அடிதடிக் காயத்தோடு யார் வந்தாலும் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவு, போடுகிறோம். விபத்துப் பதிவேட்டில் எழுதும் அந்த வரி, தெரிந்த நபர்கள் இருவரால், கையாலும் கட்டையாலும், இன்ன நாள், இன்ன மணிக்கு, இன்ன இடத்தில் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார் என்று ஒரே வாய்பாடாக இருக்கும். ஷெப்பர்ட் தம் ஊரில் போராடிச் சேர்த்த நான்கு கேள்விகளும் அந்த ஒரு வரியில் ஏற்கெனவே இருக்கின்றன! அந்தத் தாள் காவல் நிலையத்துக்குப் போகிறது, வழக்கு ஒன்றுக்குச் சான்றாகிறது, காயச் சான்றிதழாகிறது. அத்தோடு அதன் ஆயுள் முடிகிறது. நான் பணியாற்றிய காலம் முழுவதிலும், ஓர் ஆண்டின் பதிவேட்டை எடுத்து, சம்பள நாளை ஒட்டி எத்தனை, திருவிழாவை ஒட்டி எத்தனை, எந்தக் கடை வாசலில் எத்தனை என்று கூட்டிப் பார்த்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. நானும் கூட்டிப் பார்க்கவில்லை.

உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் சமூக மருத்துவத் துறை உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் பல துறைகள் கூடும் கூட்டங்களும் வழக்கமாக நடக்கின்றன. அந்தத் துறையும் ஊர்க் கல்லூரி ஒன்றின் புள்ளியியல் மாணவர்களும் சேர்ந்து, பெயரின்றி இந்த வரிகளைக் கூட்டி, மாதம் ஒரு முறை காவல் துறைக்கும் உள்ளாட்சிக்கும் ஒரு பக்கத் தாளாகக் கொடுப்பது பெரிய செலவில்லாத வேலை. ஒரு குறையையும் மனத்தில் வைக்க வேண்டும். மாலைக் கடைசிப் பேருந்து போன பிறகு அடிபட்டவர்கள், காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து யானைக்குப் பயந்து இரவில் இறங்காதவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை. அவர்களுடைய காயத்தைக் கிராம சுகாதாரச் செவிலியர்தான் மறுநாளோ மறுவாரமோ பார்க்கிறார். அவரைச் சேர்க்காத எந்தக் கணக்கும் நகரத்துக்கு மட்டுமே உரிய கணக்காகிவிடும்.

கேள்வி: இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். இத்தகைய மையத்தில் பணிபுரிய விரும்புகிறேன். என்ன படிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, பந்தலூர்

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உள்ளன. பொது சுகாதாரம், சமூகப்பணி, உளவியல் ஆகியவற்றில் முதுகலை படித்தாலும் இந்தத் துறைக்குள் வரலாம். எதைப் படித்தாலும் புள்ளியியலை விட்டுவிடாதீர்கள். எண்ணத் தெரியாதவரின் இரக்கம் கூட்டத்தில் எடுபடாது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ‘இந்தியாவில் குற்றங்கள்’ அறிக்கையை இப்போதே எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள். அதில் இருப்பது காவல் நிலையம் வரை வந்த குற்றங்கள் மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தமிழும் மலையாளமும் சரளமாக வரும் என்றும், பக்கத்துக் குடியிருப்பிலுள்ள பணியர் பழங்குடியினரின் பேச்சு புரியும் என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை விண்ணப்பத்தில் முதல் வரியாக எழுதுங்கள். பந்தலூரிலிருந்து நள்ளிரவில் அழைத்து வரப்படும் பணியர் பெண் ஒருவர் தனக்கு எங்கே அடிபட்டது என்று தன் பேச்சில் சொல்லும்போது, மேசைக்கு இந்தப் பக்கம் அதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் உட்கார்ந்திருந்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை.